ஜெஸீமின் முப்பது நிமிடம்

எனக்குக் கை வராதாம். என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் சில்வெஸ்டர் சேர் அப்படித்தான் சொன்னார். ஏசவில்லை, சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஹுஸ்னியா, சில பேருக்குத் தியரி நல்லா வரும், கை வராது. அதுல வெட்கப்பட ஒண்டுமில்ல" என்றார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். ஆறுதல் சொல்கிற மனிசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

விசயம் இதுதான். எங்கள் ஆய்வுக்குழு சிக்கல் சேர்வைகள் செய்கிறது. நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும் இணையி மூலக்கூறுகள். எனக்கு முந்தி இந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.பில் செய்த ஜெஸீம் நானா (அண்ணனை நாங்கள் நானா என்போம்), கோபால்ட்டை வைத்துக் கருங்கபில நிறத்தில் ஊசி ஊசியாகப் பளிங்கு விளைவித்தார். நெல்லில் எரிபந்த நோயைக் கொண்டுவரும் பூஞ்சணத்தை அது தட்டில் வளரவிடாமல் தடுத்தது. அதில் ஒரு கட்டுரை வந்தது, அந்தக் கட்டுரையால் அவருக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது, போய்விட்டார். அந்தச் சேர்வையை நிறையச் செய்து நாற்றுகளில் சோதித்துப் பார்ப்பது என்னுடைய ஆய்வு. சோதிப்பதற்கு முதலில் சேர்வை வேண்டும். பத்து மாதத்தில் பதினொரு தடவை செய்துவிட்டேன், பதினொரு தடவையும் செம்மஞ்சள் தூள்தான் வந்தது.

ஜெஸீம் நானாவின் ஆய்வுக் குறிப்பேடு எனக்கு மனப்பாடம். கோபால்ட் அசிற்றேற்று இவ்வளவு, இணையி இவ்வளவு, மெதனோலில் கரை, ஐம்பது பாகையில் காந்தக் கலக்கியில் முப்பது நிமிடம் கலக்கு, வடி, மூடியில் ஊசித்துளை போட்டு அசைக்காமல் வை. மீன் ஆணம் காய்ச்ச இதைவிடக் கூடுதலான வேலை இருக்கிறது. நான் தராசை மாற்றிப் பார்த்தேன், மெதனோலை மாற்றிப் பார்த்தேன், குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினேன். நிமிடக் கணக்கில் ஒரு செக்கன் பிசகவில்லை, கைத்தொலைபேசியில் மணி வைத்துத்தான் நிறுத்தினேன். தோற்ற ஒவ்வொன்றையும் போத்தலில் போட்டு, திகதி எழுதி, யன்னலோரம் வரிசையாக வைத்தேன். சேர் வருகிற போதெல்லாம் அந்த வரிசையைத்தான் முதலில் பார்ப்பார்.

"வாற வியாழன் உயர்பட்டக் குழு கூடுது. அதுக்குள்ள வராட்டி தலைப்பை மாத்தச் சொல்லி நான் எழுதத்தான் வேணும்" என்றார் சேர்.

"என்ன காரணம் எண்டு எழுதுவீங்க சேர்?"

"உள்ளதைத்தான் எழுதணும். செய்முறைத் திறன் போதாது."

எனக்கு மிச்சம் இருந்தது ஒரு வருசம். அதற்குள் புதுத் தலைப்பைத் தொடங்கி முடிக்க ஏலாது, ஆகவே தலைப்பை மாற்று என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். அது போகட்டும். அந்த மூன்று சொல்லும் கோப்பில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஆய்வுகூடமும் என்னைக் கதவுக்குள் எடுக்காது. அன்று கல்முனை பஸ்ஸில் மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டும் வரைக்கும் என் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மருதோன்றி போடவும் மீன் கழுவவும் இந்தக் கை வருகிறதே, இதற்கு மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால், சேர் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

இணையியில் ஒரு தடவைக்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் மூலப்பொருள் கொழும்பிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரமாவது செல்லும். அந்தக் கடைசித் தடவையை வெள்ளிக்கிழமை செய்தேன். நாள் பார்த்தெல்லாம் செய்யவில்லை. வியாழன் வரைக்கும் துணிவு வரவில்லை, வெள்ளி வந்தது, அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பதுக்குக் கலக்கியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் கட்டடம் காலியாகிவிடும். ஆண்கள் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள், சேர் கல்முனையில் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். இரண்டு மணிக்குத்தான் எல்லோரும் திரும்புவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஜும்ஆவுக்குப் போகிற வழக்கம் இல்லை, அதனால் நான் இருப்பேன். ஆய்வுகூட உதவியாளர் அப்துல் கபூர் நானா சாவியை என்னிடம் தந்துவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு அவருக்கும் பிந்திவிட்டது. பாங்கு சொல்லிக் கேட்ட பிறகுதான் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சாவியை மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி மணி அடித்தது. பன்னிரண்டு இருபது. நான் கலக்கியை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"என்னத்துக்கு புள்ள இவ்வளவு கெதியா நிப்பாட்டுறாய்?" என்றார்.

"முப்பது நிமிசம் முடிஞ்சி நானா."

"ஜெஸீம் தம்பி அதைப் போட்டுட்டுப் பள்ளிக்குப் போனா, வந்துதானே நிப்பாட்டுற. எத்தனை தரம் நான் ஏசியிருக்கன், கரண்ட் வீணாப் போகுதெண்டு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அவருக்குக் குத்பாப் பிரசங்கம் தவறிவிடும்.

என் கை கலக்கியின் மேல் அப்படியே நின்றது. மற்றக் கையால் ஜெஸீம் நானாவின் குறிப்பேட்டை இழுத்தேன். அந்தச் சேர்வையை அவர் மூன்று தடவை செய்திருந்தார். 10.03.2023. 17.03.2023. 12.05.2023. நூறு தடவை பார்த்த திகதிகள்தான், என்ன கிழமை என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்தேன். மூன்றும் வெள்ளிக்கிழமை. மற்ற நாட்களில் அவருக்கு இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்பு இருந்தது, வெள்ளிதான் கை ஓய்வு. தொடங்கிய நேரம் மூன்று பக்கத்திலும் பன்னிரண்டுக்குக் கிட்டத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் "கலக்கியது: 30 நிமிடம்" என்று முத்து முத்தான எழுத்து. அடியில் சில்வெஸ்டர் சேரின் கையெழுத்து.

ஒரு பக்கம் பேராசிரியர் ஒப்பமிட்ட குறிப்பேடு. மறுபக்கம் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் கபூர் நானா சொன்ன ஒரு சொல். இணையியோ இது ஒன்றுதான். கலக்கியை நிறுத்தினால் பன்னிரண்டாவது செம்மஞ்சள் தூள் நிச்சயம். நிறுத்தாமல் விட்டு அதுவும் பிழையாகிப் போனால், செய்முறையைக்கூட ஒழுங்காகப் பின்பற்றத் தெரியாதவள் என்று சேர் இன்னொரு வரி சேர்த்து எழுதுவார். நான் கையை எடுத்துவிட்டேன். யா அல்லாஹ், நடக்கிறது நடக்கட்டும் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குடுவைக்கு முன்னால் இருந்தேன்.

பன்னிரண்டே முக்கால் வரைக்கும் அதே செம்மஞ்சள்தான். ஒரு மணிக்குக் கொஞ்சம் மங்கினமாதிரி இருந்தது, கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று வெள்ளைக் கடதாசியைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரைக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மணிக்குச் சாயம் கூடின பிளேன்டீ நிறம். கோபால்ட்டுக்குக் காற்றிலிருக்கிற ஒட்சிசன் வேண்டியிருந்திருக்கிறது, அது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். அரை மணித்தியாலம் அதற்குக் காணாது. ஒரு ஜும்ஆ நேரம் வேண்டும். இரண்டு ஐந்துக்கு நிறுத்தி, வடித்து, மூடியில் ஊசித்துளை போட்டு வைத்தேன்.

புதன்கிழமை காலையில் குடுவையின் அடியில் கருங்கபில ஊசிகள் கிடந்தன.

நான் யாரையும் கூப்பிடவில்லை. முதலில் உருகுநிலை பார்த்தேன். பிறகு அகச்சிவப்பு நிறமாலை எடுத்து, ஜெஸீம் நானா விட்டுப்போன மாதிரியின் நிறமாலைக்கு மேல் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. அதற்குப் பிறகு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோசமும் இருந்தது, ஆனால் கூடுதலாகக் கோபம்தான். முகத்தைக் கழுவிவிட்டு ஜெஸீம் நானாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஓ, அதுவா" என்றார் அவர். அங்கே விடியப்புறம், குரலில் நித்திரை. "ஜும்ஆக்குப் போனா வந்துதானே நிப்பாட்ட ஏலும். நான் பாத்துச் செஞ்ச மூலச் செய்முறையில முப்பது எண்டு இருந்த, அதைத்தான் எழுதின. அதுல என்ன வரப்போகுது எண்டு நினைச்சன் ஹுஸ்னியா."

"பத்து மாசம் வந்திருக்கு நானா" என்றேன்.

"மாப்புத் தாங்க தங்கச்சி" என்றார். அவர் கெட்ட மனிசன் இல்லை. அதனால் என் கோபம் குறைந்தது என்றும் சொல்லமாட்டேன்.

சேரின் அறைக்குக் குடுவை, இரண்டு நிறமாலை, இரண்டு குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? கை வந்திட்டு!"

"கை முதல்லயே இருந்த சேர். கிழமைதான் தெரியாம இருந்த."

ஜெஸீம் நானாவின் மூன்று பக்கத்தையும் திறந்து வைத்துச் சொன்னேன். சேர் தன் மேசை நாட்காட்டியைத் திருப்பப் பார்த்தார், அது இந்த வருசத்தது. நான் தொலைபேசியை நீட்டினேன். மூன்று திகதியையும் பார்த்தார். தன்னுடைய மூன்று கையெழுத்தையும் பார்த்தார். வெள்ளி மத்தியானம் தான் வீட்டில் சாப்பாட்டில் இருப்பதை அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"கூட்டத்துக்கு முந்தியே குடுக்கணும் எண்டு குழுவுக்குக் கடிதம் திங்கட்கிழமையே போய்ட்டு" என்றார் மெதுவாக.

"அந்த மூணு சொல்லும் அதுல இருக்கா சேர்?"

"இருக்கு."

"அப்ப என்ட பதினொரு போத்திலையும் என்ன செய்ற? அதுல ஒண்டும் பிழையில்ல. இந்தப் புத்தகத்துல எழுதினபடி செஞ்சா அதுதான் வரும். எழுதினபடி செஞ்சவள் நான் ஒருத்திதான்."

சேர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. தொலைபேசியை எடுத்துக் குழுவின் செயலாளரைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை அனுப்பின கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன். ஓம். பிழை என்னுடையது. நாளைக்குக் கூட்டத்தில வந்து நானே சொல்றன்" என்றார். வைத்துவிட்டு, கட்டுரையிலும் திருத்தம் போடவேண்டும் என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

நான் என் குறிப்பேட்டைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தின் அடியில் மேற்பார்வையாளர் ஒப்பமிட வேண்டும். வழமையாக அவர் பேனையை மூடியிலிருந்து எடுக்கும்போதே கையெழுத்து முடிந்துவிடும். அன்றைக்கு முதல் வரியிலிருந்து வாசித்தார். "கலக்கியது: வெள்ளி, 11.50 முதல் 2.05 வரை, 135 நிமிடம். காரணம்: முந்திய மூன்று தடவையும் ஜும்ஆ இடைவேளை முழுவதும் கலக்கி நிறுத்தப்படவில்லை" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் காரணமும் வேணுமா ஹுஸ்னியா?"

"வேணும் சேர். அதை எழுதாம விட்டதாலதான் இவ்வளவும்."

"இந்த நேரம் முழுக்க நீங்க பக்கத்தில இருந்தீங்களா?"

"இருந்தன் சேர். நான் எங்க போக?"

அவர் மிச்சத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.