வயிறு உப்பிய ஹார்ப்

ஆசையை முகத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் போகிறவள், பர்ஸைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு போகிறவள். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் காவேரி ஓதும் வேதம் இது. கத்திரிக்காயோ கல்யாணப் புடவையோ, முதலில் அதைக் குப்பை என்று மட்டம் தட்டிவிட்டுத்தான் விலையே கேட்பாள். பக்கத்துப் பலகையில் மீன் விற்கும் ஜெசிந்தா, ஹார்ப் என்று ஏதோ கம்பி வாத்தியம் வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், கூப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

"நீ வாயத் தொறக்காத. கண்ணையும் சுருக்கி வெச்சுக்கோ. உன் கண்ணப் பாத்தா ரெட்ட வெல சொல்லுவாங்கோ."

ஜெசிந்தாவின் கண்ணைக் குற்றம் சொல்லி என்ன பயன்? போன வருஷம் சர்ச்சில் ஒரு கல்யாணப் பூசையில் பாடகர் குழுவோடு நின்றிருந்தாள். நரைத்தலை அம்மாள் ஒருத்தி, பாய்மரம் போன்ற ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பிகளைத் தொட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வஞ்சிரம் துண்டு போடும்போதும் ஜெசிந்தாவின் இடது கை விரல்கள் பலகை ஓரத்தில் தானாக நடந்தன. மத்தியானம் கண்ணயர்ந்தால், கரையிலிருந்து அடிவானம் வரை கம்பி கட்டியிருக்கும்; அலைகள் ஒவ்வொன்றாக வந்து மீட்டிவிட்டுப் போகும். அதை வாங்கவென்றே சீட்டுப் பணத்தை எடுத்தாள். "அத்த வெச்சு வலை இழுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, புருஷன் ஆண்டனி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முதலில் தி.நகரில் ஒரு கடையில் பார்த்தார்கள். புதுசு. கண்ணாடி மாதிரி பாலிஷ். கம்பிக்குக் கம்பி மேலே ஒரு சின்ன லீவர். தூக்கினால் ஸ்வரம் அரைப்படி ஏற வேண்டும். இதில் தூக்கினால் கம்பி தொண்டை கட்டியது போலக் கரகரத்தது. ஜெசிந்தா கண்ணை மூடிப் பார்த்தாள். கடல் வரவில்லை. ஏசி சத்தம்தான் வந்தது.

"மேல பளபளப்பு, உள்ள செவுளு வெளுத்த மீனு," என்று காவேரி சொன்னபோது, அதில் பேரம் எதுவும் இல்லை; நிஜமாகவே சொன்னாள்.

அப்புறம்தான் பாடகர் குழு ராபர்ட் சேதி சொன்னார். அன்றைக்குக் கல்யாணத்தில் வாசித்த ஜுவேரியாம்மா, மஸ்கட்டில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். கோட்டூர்புரம் வீட்டில் இருக்கும் அந்த ஹார்ப்பை விற்கிறாராம். மேடை அலங்காரம் செய்யும் சிதம்பரநாதன் என்பவரும் கேட்டிருக்கிறாராம், ரிசப்ஷனில் பூச்சுற்றி நிறுத்தி வைக்க.

மூன்றாவது மாடி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் படுத்திருந்தது. அதன் நடுவில் ஹார்ப். கம்பிகளின் நிழல் தரையெல்லாம் கோடு போட்டிருந்தது. ஜெசிந்தா செருப்பில்லாத காலைக்கூட அந்தக் கோடுகள் மேல் வைக்கக் கூசி ஓரமாக நின்றாள். ஜுவேரியாம்மா ஒரே ஒரு கம்பியைத் தொட்டார். ஒலி அறையை ஒரு சுற்றுச் சுற்றி, அவசரமில்லாமல், ஜெசிந்தாவின் நெஞ்சாங்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

காவேரி தொண்டையைச் செருமினாள். கச்சேரி ஆரம்பம்.

"இன்னாம்மா இது, ஒரு கம்பி செவப்பு, ஒரு கம்பி கருப்பு? அறுந்து அறுந்து ஒட்டுப் போட்டதா?"

வாசிக்கிறவருக்கு வழி தெரிவதற்காகப் பூசிய நிறம் அது என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஜெசிந்தாவுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. உத்தரவு அப்படி.

"மரத்துல கீறல் கீது. அட, இங்க பாரு, பலகை வயிறு உப்பிகினு கீது! வயிறு உப்புன மீன பூனை தொடுமா?"

ஜுவேரியாம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புகிற ஜாதி.

"கம்பி இழுக்க இழுக்கப் பலகை மேல வரத்தான் செய்யும். ஆனா நீங்க சொல்றதும் சரி. நம்ம ஊர் வெயிலுக்கு ஒருநாள் வெடிச்சாலும் வெடிக்கலாம்."

"அதான பாத்தேன். வா ஜெசி, போலாம்."

வாசல்வரை போவது, கூப்பிட்டதும் திரும்புவது. மார்க்கெட் பிறந்த நாளிலிருந்து வழக்கம் அதுதான். இருவரும் படியில் இறங்கினார்கள். "இப்பக் கூப்புடும் பாரு," என்றாள் காவேரி.

"பாத்துப் போங்கம்மா, படி வழுக்கும்," என்றார் ஜுவேரியாம்மா. கதவைச் சாத்தினார்.

கதவுக்குப் பின்னால் போன் பேசும் குரல் கேட்டது: "சிதம்பரநாதன் சார்? நீங்களே எடுத்துக்குங்க. இனிமே பூ வைக்கத்தான் லாயக்கு போலிருக்கு."

ஜெசிந்தா இரண்டு இரண்டு படியாக ஏறிக் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், அவ சொன்னதெல்லாம் பொய்."

"பொய்யா? எதுக்குப் பொய் சொல்லணும்?"

"வாங்கத்தான்."

"பிடிக்கலைன்னு சொன்னீங்களேம்மா."

"புடிச்சதாலதான் டீச்சர் சொன்னோம்!"

ஜுவேரியாம்மா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தோற்றார். "ஐயோ, இப்பத்தானே அவருக்கு வாக்குக் கொடுத்தேன்."

இனி ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

"அந்தக் கல்யாணத்துல, நற்கருணை நேரம், ஒரு கம்பி அறுந்துச்சு. நீங்க நிக்கல. பாட்டு அந்த எடத்துக்கு வரும்போதெல்லாம் அத்தத் தாண்டித் தாண்டிப் போனீங்க. வீட்டுக்குப் போயியும் எனக்கு அந்த ஓட்டைதான் கேட்டுகினே இருந்துச்சு. பூ சுத்தி நிறுத்திட்டா அப்பறம் எப்பவும் ஓட்டைதான டீச்சர்?"

ஜுவேரியாம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்பி அறுந்தது யாருக்கும் தெரியல. மாப்பிள்ளை வீட்டார்கூட நல்லா இருந்ததுன்னு கை குலுக்கினாங்க," என்றார் மெதுவாக. போனை மறுபடி எடுத்தார். "சார், மன்னிக்கணும். தெர்மாகோல்ல ஒண்ணு செஞ்சுக்குங்க. பூவுக்கு வித்தியாசம் தெரியாது."

படியிலிருந்து காவேரியின் குரல் கிளம்பியது: "வெல பேசுடீ! வெலய பேசு!"

"சொன்ன வெலையே குடுத்துடறேன் டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. கீழே யாரோ நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

குட்டியானை லோடு வண்டியின் பின்னால் மெத்தை விரித்து ஹார்ப்பை நிறுத்தி, ஜெசிந்தா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எதிர்மூலையில் காவேரி முழங்காலைக் கட்டிக்கொண்டு, மார்க்கெட்டின் மானமே போய்விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். கோட்டூர்புரம் பாலம் நெருங்கியபோது, பார்க்காமல் இருக்க முடியாமல் ஜெசிந்தா ஹார்ப் மேல் போர்த்தியிருந்த போர்வையை விலக்கினாள்.

ஆற்றுக் காற்று கம்பிகளுக்குள் புகுந்தது. யாரும் தொடவில்லை. அடிக்கம்பியில் ஒரு முனகல் எழுந்து, மேலே மேலே ஏறி, ஹாரன்களையெல்லாம் தூரத்துக்குத் தள்ளிவிட்டு, வண்டியைச் சுற்றி மிதந்தது. அடியில் அடையாறு மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மரத்தில் கன்னத்தை வைத்தாள். அதிர்வு பல்லில் இறங்கியது.

"இன்னாடி அது?" என்றாள் காவேரி.

"காத்து."

காவேரி எழுந்து, டிரைவர் தலைக்கு மேல் தகரத்தைத் தட்டினாள்.

"நைனா, மெதுவா போ."

"மெதுவா போனா அடுத்த லோடு போயிடும்க்கா. காசு சேத்துக் கேப்பேன்."

"கேளு," என்றாள் காவேரி.