வேடியப்பனின் பிடிமண்

திருமலைக்குக் கிரேக்க தேசத்தின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. போக வர கம்பெனி பஸ்ஸில், செல்போனும் கையுமாக அவன் சுற்றாத தீவு கிடையாது. காளைத்தலை அரக்கனை அடைத்த மாளிகை எந்த இடிபாடு, செத்தவர் உலகத்துக்கு இறங்கும் வாசல் எந்தக் குகை என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிற குழுக்களில் இவனும் ஒரு கட்சி. வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது மட்டும் இவன் கண்ணில் படாது.

அவனுக்கு மிகவும் பிடித்தது இதாகா. போர் முடிந்து, பல வருஷம் கடலில் அலைந்து ஊர் திரும்பிய ஒரு ராஜாவின் தீவு. அது மேற்கே கடைசியில் கிடக்கிறது என்கிறது பழம்பாட்டு. இன்று அந்தப் பேரில் இருக்கும் தீவோ கிழக்கே தள்ளி இருக்கிறது. பாட்டில் தப்பில்லை, பக்கத்துத் தீவின் மேற்கு நுனிதான் பழைய இதாகா, நடுவே இருந்த கடல் மலை சரிந்து தூர்ந்துபோனது என்கிறார்கள் சிலர். ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. திருமலை வந்துவிட்டான். "கடலே தூந்துபோவும் சார், பாட்டு பொய் சொல்லாது" என்று பக்கத்து சீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் அடித்துப் பேசுவான்.

இந்தப் புத்தி சொந்த ஊருக்கு வந்தபோதுதான் கோணிக்கொண்டது.

தளி ரோட்டை ஒட்டிய அவர்கள் ஊரில், பங்காளிகள் எல்லாருக்கும் சாமி ஒரு நடுகல்தான். வில் பிடித்த வீரன். வேடியப்பன் என்று பேர். குழந்தைக்கு முதல் மொட்டை போட்டால் அந்த முடியைக் கல்லின் காலடியில் புதைப்பார்கள். தை மாதம் பொங்கல் வைக்கும்போது, "பொழுது ஏற மலை காத்து, பொழுது சாய தண்ணி காத்த வேடியப்பா" என்று கூப்பிடுவது வழக்கம். சில வருஷங்களுக்கு முன் திருமலை இந்த வரியைப் பிடித்துக்கொண்டான். கிழக்கே மலை, சரி. மேற்கே தண்ணீர் எங்கே? ஏரி வடக்கே அல்லவா இருக்கிறது? அப்படியானால் இது நம் சாமியே இல்லை. தேடித் தேடி ஜவளகிரிக் காட்டோரத்தில், மலையும் குட்டையும் கச்சிதமாகப் பொருந்திய இன்னொரு கல்லைக் கண்டுபிடித்தான். செல்போனில் மேப்பைப் போட்டுக் காட்டியதும் பங்காளிகள் வாயைப் பிளந்தார்கள். பழைய கல் நின்ற மேட்டை வீட்டுமனைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டிருந்த நேரம் வேறு. அசல் சாமி ஜவளகிரியில் இருப்பது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

அவன் அக்கா சம்பங்கி மட்டும் ஒன்று கேட்டாள். அவளுக்கு ஒரே பையன், மாதேசு. காலேஜில் சேர்ந்த வருஷமே பைக்கில் போய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அவனுடைய முதல் முடி அந்தக் கல்லடியில்தான் இருந்தது.

"சாமி எங்க வேணா இருக்கட்டும் தம்பி. இங்கிருந்து ஒரு பிடிமண்ணு மட்டும் எடுத்துக்கிட்டுப் போலாம்டா."

சாமியை இடம் மாற்றும்போது பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் சேர்ப்பது எல்லாரும் செய்வதுதான். திருமலை ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமியே இல்லாத எடத்துல ஏதுக்கா பிடிமண்ணு? அப்படி எடுத்தா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடாதா?"

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் எழுந்து போனாள். சண்டை போட்டிருக்கலாம். அவள் போடவில்லை.

மேடு போனது. கல்லும் போனது.

இந்த மாசியில், அந்த மனைப்பிரிவின் மேற்கு ஓரத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டினார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே என்பதால் திருமலை எட்டிப் பார்த்தான். அடியில் கறுப்பு வண்டல். அதற்குள் வெள்ளை வெள்ளையாய் நத்தை ஓடு. ஒரு பக்கம் கல்லால் கட்டிய பழைய மதகு. ஒரு காலத்தில் ஏரி மேற்கேதான் இருந்திருக்கிறது. அது தூர்ந்த பிறகுதான் வடக்கே வெட்டியிருக்கிறார்கள். கல் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. எங்கோ ஒரு கடல் தூர்ந்ததை நம்பிய மனுஷனுக்கு, சொந்த ஊர் ஏரியும் தூரும் என்று தோன்றாமல் போயிற்றே! கம்பெனி பஸ் வந்து, ஏறாமல் நின்ற திருமலையை விட்டுவிட்டுப் போனது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனான்.

"அக்கா, நம்ம கல்லுதான்க்கா அசலு. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வா, எடத்தக் காட்டு."

காட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது? மேட்டை வெட்டித் தள்ளி, மேலே மண் கொட்டிச் சமப்படுத்தி, சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். மூலைக்கு மூலை மஞ்சள் அடித்த அளவுக்கல். பக்கத்தில் நின்ற புளியமரமும் இல்லை. திருமலை மலையைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், போனில் பழைய போட்டோவைப் பார்த்தான். இங்கும் அங்கும் நடந்தான். இதாகாவுக்கு வழி சொல்கிறவனுக்கு இது பிடிபடவில்லை. அக்கா வெயிலில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடா?"

"இங்கதான்க்கா." கால் நின்ற இடத்தையே காட்டினான்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் உட்கார்ந்து பாலை ஊற்றினாள். "மாதேசு" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு ஈரம் படாத ஓரத்தில் ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது டிப்பர் லாரிகளில் எங்கிருந்தோ வந்த மண். கொட்டியதைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்தவன் திருமலை.

முடிச்சு தளர்ந்திருந்தது. "இரு அக்கா" என்று அவன் குனிந்து அதை இறுக்கிக் கட்டிவிட்டான்.