பெல்ட்டில் போன சாமிகள்

சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ யாராவது பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினால், இடிபாடு லாரியேறி கேளம்பாக்கம் பக்கம் சுப்பராயலுவின் யார்டில் வந்து விழும். அங்கே அதை பெல்ட்டில் ஏற்றுவார்கள். பெல்ட்டின் கடைசியில் உடைக்கிற மெஷின். கான்கிரீட் மட்டும் அதற்குள் போய் ஜல்லியாக வேண்டும். செங்கல், டைல்ஸ், மரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வழியிலேயே பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். பொறுக்குவது சரிதா. அவள் தவறவிட்டதைப் பிடிப்பது பக்கத்தில் நிற்கும் பூவம்மாள். அவளுக்கு அப்புறம் ஆளில்லை.

அந்த வாரம் எங்கோ ரோட்டை அகலப்படுத்த ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை இடித்திருந்தார்கள். நம்மூர் ஆண்பிள்ளைகளின் அவசரம் தெரிந்து அந்தச் சுவர் முழுக்க யாரோ சாமி டைல்ஸ் பதித்து வைத்திருந்தார். பிள்ளையார், முருகர், வேளாங்கண்ணி மாதா என்று பெல்ட்டில் வரிசையாக வந்தார்கள்.

சரிதா முதல் பிள்ளையாரைக் கையில் எடுத்தாள். தொட்டியைப் பார்த்தாள். உள்ளே உடைந்த கக்கூஸ் பேசினும் பிய்ந்த செருப்பும் கிடந்தன. கை போகவில்லை. சதுர்த்தி முடிந்ததும் கடலில் கரைப்பதில்லையா, அந்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்ப பெல்ட்டிலேயே வைத்துவிட்டாள். மெஷினில் அரைபட்டாலும் யார் வீட்டு வாசலுக்காவது கல்லாகப் போகட்டும் என்றிருந்தது. அப்புறம் வந்த சாமிகளுக்கும் அதே வழிதான்.

அடுத்த வாரம் ஜல்லி வாங்கும் நடைபாதைக்கல் கம்பெனி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஜல்லியில் ஏகப்பட்ட டைல்ஸ் சில்லாம். வார்த்த கல்லெல்லாம் விரிசல் விட்டதாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்கள் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சுப்பராயலு கோபத்தோடு பெல்ட்டடிக்கு வந்து, நேராகப் பூவம்மாளைப் பிடித்துக்கொண்டார். போன மாதம்தான் அவள் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தாள். கண் தெரியாதவளை வைத்து மாரடிக்க முடியாது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பூவம்மாள் கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

உண்மையைச் சொன்னால் போவது சரிதாவின் வேலை. புருஷன் ஆனந்தன் படகில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் பூவம்மாள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"சார், அக்கா மேல தப்பில்ல. நான்தான் வுட்டேன். எல்லாம் சாமி டைல்ஸு."

"அடிப்பாவி, சாமியையா மெஷின்ல வுட்டே?" என்று சுப்பராயலு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தொட்டில கக்கூஸ் பேசின் கீது சார். அதும் மேல புள்ளையார எப்டி போடறது?"

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஷெட்டுக்குள் போய் ஒரு காலி பெயின்ட் பக்கெட்டைத் தானே கழுவி எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். இனிமேல் சாமியெல்லாம் இதில். முழுசாக இருப்பதை யார்டின் பின்சுவரில் பதித்துவிடலாம், லாரிக்காரர்கள் அங்கே ஒதுங்குவதாவது நிற்கும் என்றார். மன்னிப்பு கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. கையுறையை எடுத்துப் பூவம்மாளிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஏன்கா, நான் வுட்டது உனக்குத் தெரியாதா?" என்று சரிதா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாம இன்னா? எல்லாம் என்னைத் தாண்டித்தான போச்சு. எனக்கும் கை வரல."

"அப்போ கண்ணு நல்லாத் தெரியுதுன்னு அவராண்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா யார் வுட்டதுன்னு கேப்பாரு. உன் வூட்ல ஆனந்தன் வேற கால ஒட்ச்சிகினு கெடக்கறான்."

பெல்ட் ஓட ஆரம்பித்தது. சரிதாவுக்குக் கண் கலங்கி, கான்கிரீட் எது, டைல்ஸ் எது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரை அவள் விட்டதையெல்லாம் பூவம்மாள்தான் பிடித்தாள்.