பச்சை வயர்

கைபேசி அடித்தபோது கஜானன் சுன்னாகத்தில் ஒரு புதுவீட்டுக்கு வயரிங் செய்துகொண்டு ஏணியில் நின்றான். திரையில் பிரவீணனின் பெயர் தெரிந்தது. பிரவீணன் செத்து மூன்று வருடம். அவனுடைய இலக்கத்தை மனைவி கோபிகாதான் வைத்திருக்கிறாள் என்று கஜானனுக்குத் தெரியும். ஆனாலும் ஏணியை விட்டு இறங்கி, இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் எடுத்தான்.

விஷயம் சின்னது. கனடாவிலிருக்கும் பிரவீணனின் தமக்கை, தம்பியின் மகள் ஜெயனிக்கென்று கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் பெட்டியொன்று அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தகப்பனின் கிற்றாரை எடுத்துப் பழகத் தொடங்கி ஒரு வருடமாகிறது. நேற்றுத்தான் பெட்டி வந்தது. சுவிச்சைப் போட்டால் ஒரு சத்தமுமில்லை, வெளிச்சமுமில்லை. பிள்ளை இரவு அழுதுவிட்டுப் படுத்தது, பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் ஒருக்கால் வந்து பார்க்க ஏலுமோ என்று கோபிகா கேட்டாள். அது புத்தம் புதுசு, ஆனால் உயிரே இல்லை என்றாள்.

ஓம் என்று சொல்லிவிட்டான். வேறென்ன சொல்வது?

உரும்பிராய்க்குப் போகிற வழியெல்லாம் தோட்டங்களில் நீர் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. மோட்டார்களின் சத்தம் ஒன்று மாறி ஒன்றாக அவனுடன் கூடவே வந்தது. பிரவீணன் செத்த நாளுக்குப் பிறகு கஜானனுக்கு இந்த மாதிரிச் சத்தங்கள் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமினால் எழுந்து போய் அதை நிறுத்திவிடுவான். மனைவி காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. பிரவீணனும் கஜானனும் ஒரே இசைக்குழுவில் இருந்தவர்கள். பிரவீணன் கிற்றார் வாசித்துப் பாடுவான். கஜானன் கீபோர்ட், மேடையில் வயர் வேலை எல்லாமும் அவன்தான் பார்ப்பான். ஒரு கோயிலின் பூங்காவனத் திருவிழாவுக்குக் கச்சேரி. பொழுதுபட முன்னம் எதிர்பாராமல் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. மேடைப் பலகையில் தண்ணீர் நின்றது. பிரவீணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிற்றாரை மாட்டிக்கொண்டு, சத்தம் சரியோ என்று பார்க்க மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனான். 'ஹலோ' என்பதில் பாதிதான் ஒலிபெருக்கியில் கேட்டது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் சந்தியோகு. நாவாந்துறைக்காரர். அவருடைய வயர் மழையில் நனைந்து மின்சாரம் கசிந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். அன்றே அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். செத்தவீட்டுக்கு வந்தவரைக் கோபிகா வாசல் படலையில் வைத்தே மண் அள்ளித் திட்டினாள். அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டதில்லை. கஜானனும் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. நண்பன் போன கவலை என்று ஊர் அவனுக்காக இரங்கியது.

கோபிகா முன்னறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்ப் மேசையில் இருந்தது. கறுப்பு, வெள்ளி ஓரம், இன்னும் பிளாஸ்ரிக் வாசம் போகாதது. மூலையில் விரிப்பொன்றால் மூடிய இன்னொரு பெட்டி இருந்தது. கஜானன் அதைப் பார்க்காமல் கதிரையை இழுத்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அவரின்ரை பழைய அம்ப்தான் அது. பொலிஸ் தந்த நாளிலையிருந்து உதிலை கிடக்கு," என்றாள் கோபிகா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சில நேரம் அது உறுமுற மாதிரிக் கேக்குது அண்ணை. கரண்டிலை போடாமல்தான் வைச்சிருக்கிறன். எண்டாலும் கேக்குது. ஜெயனிக்குக் கேக்கிறேல்லையாம்."

அவள் சொல்லும்போதே அது கஜானனுக்கும் கேட்கத் தொடங்கியிருந்தது. தாழ்ந்த, அறுபடாத, பல்லுக்குள் இறங்குகிற உறுமல். பக்கத்து வளவில் மோட்டார் ஓடுகிறதோ என்று காது கொடுத்தான். ஓடவில்லை.

வேலையைத் தொடங்கினால் நின்றுவிடும் என்று நினைத்தான். சுவர்ப் பொயின்ற்றில் மேசை விளக்கைச் செருகினான். எரிந்தது. அப்படியென்றால் வீட்டுக் கரண்டில் பிழையில்லை. அடுத்தது வயர். அதன் நுனியில் இந்த ஊர்க் கடைகளில் விற்கிற மூன்று கால் பிளக் பூட்டியிருந்தது. உள்ளே இருக்கிற பியூஸ் போயிருக்கும் என்று நினைத்து ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினான்.

பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு வயரும் வெள்ளை வயரும் அதனதன் இடத்தில் இருந்தன. பச்சை வயர் மட்டும் கட்டையாக வெட்டப்பட்டு, பின்பக்கம் மடிக்கப்பட்டு, அதன் மேல் கறுப்பு நாடா இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

பின்னால் யாரோ வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிரவீணன் அப்படித்தான் பார்ப்பான். கஜானன் எதைக் கழற்றினாலும் பின்னால் வந்து குனிந்து, காதுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டபடி, விளங்கினாலும் விளங்காவிட்டாலும் பார்த்துக்கொண்டு நிற்பான். கஜானன் திரும்பவில்லை. கோபிகா எதிரே, யன்னலடியில் நின்றாள்.

"இதை இப்பிடி ஆர் பூட்டினது?"

"நான்தான். கனடாப் பிளக் இஞ்சை போகாதெல்லே. வெட்டிப்போட்டுப் புதுசு வாங்கிப் பூட்டினன். எந்த வயர் எங்கை எண்டு தெரியேல்லை. அவரின்ரை பழைய அம்பின்ரை பிளக்கைக் கழட்டிப் பாத்து, அதிலை இருந்த மாதிரியே செய்தனான். மற்ற ரெண்டும் நிறம் வேறை, பச்சை மட்டும் ரெண்டிலையும் ஒரே நிறம். பிழையோ?"

மேசை ஓரத்தில் அந்தப் பழைய பிளக், அம்பிலிருந்து கழற்றிய வயரோடு திறந்தபடி கிடந்தது. அதிலும் அதே வெட்டு, அதே மடிப்பு, அதே இரண்டு சுற்று நாடா.

அது கஜானனின் கைவேலை. திருவிழாவுக்கு ஆறு நாள் முந்தி, கச்சேரிக்குப் பழகுகிறபோது பழைய அம்ப் ஓயாமல் உறுமியது. பாட்டைக் கெடுக்கிறது, ஏதாவது செய் மச்சான் என்று பிரவீணன் நச்சரித்தான். பூமிக்குப் போகிற பச்சை வயரை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும் என்று கஜானனுக்குத் தெரியும். வெட்டினான். உறுமல் நின்றது. பிரவீணன் அவன் முதுகில் தட்டிவிட்டுப் பாடத் தொடங்கினான். திருவிழா முடிய ஆறுதலாகச் சரியான வேலை செய்யலாம் என்று கஜானன் நினைத்திருந்தான். மழை பெய்து, அம்புக்குள் ஏதோ ஒன்று கசிந்தபோது அந்தக் கரண்டுக்கு நிலத்துக்குப் போக வேறு வழி இருக்கவில்லை. அது கிற்றார்க் கம்பியால் ஏறி, பிரவீணனின் கையால் போய், மைக்கில் பட்ட வாயால் வெளியேறியது. விசாரணைக்கு வந்தவர்கள் சந்தியோகுவின் வயரைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் இந்தப் பிளக்கைத் திறக்கவில்லை.

அவன் புது அம்பைப் பின்பக்கம் திருப்பினான். அடியில் வோல்ற்றேஜ் மாற்றுகிற ஒரு சின்னச் சிவப்பு ஆளி, 115 என்ற இலக்கத்தில் நின்றது. கனடாக் கரண்டுக்கு அதுதான் அளவு. இங்கத்தைய கரண்ட் அதைப் போல இரண்டு மடங்கு. போட்ட உடனேயே அம்புக்குள் இருக்கிற பியூஸ் எரிந்து அம்பைக் காப்பாற்றியிருக்கிறது. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடிக் குழாய் கறுத்துப்போயிருந்தது. அவனுடைய பைக்குள் வேறு பியூஸ் இருந்தது. ஆளியை 230க்குத் தள்ளி, பியூஸை மாற்றினால் அம்ப் வேலை செய்யும்.

அது எரியாமல் இருந்திருந்தால் நேற்றே வேலை செய்திருக்கும். ஜெயனி தகப்பனின் கிற்றாரை மாட்டிக்கொண்டு, இந்தச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றிருப்பாள்.

கஜானன் பியூஸை மாற்றினான். ஆளியைத் தள்ளினான். பிளக்கை எடுத்து, நாடாவைப் பிரித்து, பச்சை வயரின் தோலைச் சீவத் தொடங்கினான். இதைப் பேசாமல் பூட்டிவிட்டு, பழைய பிளக்கைக் குப்பையென்று எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஐந்து நிமிட வேலை. உறுமல் இப்போது அறை முழுக்க நின்றது.

"அதை ஏன் மாத்துறியள்?" என்று கோபிகா கேட்டாள். "அவரின்ரை அதிலை அப்பிடித்தானே இருந்தது?"

"அப்பிடி இருக்கப்படாது தங்கச்சி."

"இருந்தால்?"

கஜானன் கத்தியை மேசையில் வைத்தான். இருந்தால் என்ன ஆகும் என்று சொன்னான். வயர் வேலை பழகுகிற ஒருவனுக்குச் சொல்வதுபோல, கரண்ட் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் கண் மெல்ல மெல்லப் பழைய பிளக்குக்குப் போய், அங்கேயே நின்றது.

"அதை நான்தான் வெட்டினனான்," என்றான்.

கோபிகா கத்தவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"வெட்டினது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். வெட்டினால் என்ன நடக்கும் எண்டு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இந்தக் கடைசிச் சொல்லை அவன் மூன்று வருடமாகத் தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

கோபிகா அவனை ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய பிரவீணனின் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நான் அந்த மனுசனுக்கு மண் அள்ளிப் போட்டனான்," என்றாள். "உன்ரை குடும்பம் விளங்காது எண்டு சொன்னனான். நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"என்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுதான் நிண்டனீங்கள்."

அவன் புதுப் பிளக்கில் பச்சை வயரை அதனிடத்தில் பூட்டி மூடினான். அவள் பழைய பிளக்கை எடுத்து, தொங்கிய வயரைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் வைத்தாள். முன்வீட்டுக்காரிக்கு அழைத்து, ஜெயனி வந்தால் சாப்பாடு போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பிறகு ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, நாவாந்துறைக்கு நீங்களும் வாறியள் என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவள் முன்னால் போனாள். கஜானன் மோட்டார்சைக்கிளில் பின்னால் போனான். வழியில் எத்தனையோ சந்திகள். எந்தச் சந்தியிலும் அவன் திரும்பலாம். அவள் ஒருமுறைகூடக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தான்.

சந்தியோகு வீட்டு முற்றத்தில் வலையின் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கித் தொழில் போன பிறகு மைத்துனரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அறுபது வயதுக்குப் பிறகு கடல் பழகிய உடம்பு அது, காய்ந்து கறுத்திருந்தது. கோபிகாவைக் கண்டதும் எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

கோபிகா அவர் காலடியில் பிளக்கை வைத்தாள். கஜானன் நின்றபடியே சொன்னான். இந்தத் தடவை சுருக்கமாகத்தான் வந்தது. சந்தியோகு குந்தியிருந்து பிளக்கை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வயர் வேலை தெரிந்த மனுசன், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ரை வயரை நான் அடி அடியாப் பிரிச்சுப் பாத்தனான்," என்றார். "நூறு மீற்றர் வயர். ஒரு இடத்திலையும் காயமில்லை. எண்டாலும் எல்லாரும் சொல்லேக்கை, நான்தான் சாகடிச்சன் எண்டு நம்பிப்போட்டன். இப்பவும் அந்தப் பிள்ளை 'ஹலோ' எண்டு தொடங்குறது கேக்குது. முடியிறது கேக்கிறேல்லை."

கோபிகா வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கஜானன், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், பொலிசுக்கும் கோயில்காரருக்கும் போய்ச் சொல்கிறேன் என்றான். சந்தியோகு அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை ஒருக்கால் வாரும். இந்தத் தம்பி சொல்லுறதைக் கேளும்."

அவருடைய மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து கதவு நிலையில் நின்றாள். கஜானன், திருவிழாவுக்கு ஆறு நாள் முந்திப் பழகிய அந்தப் பின்னேரத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினான்.