நாலரை அங்குலம்

முதல் அடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. இரண்டாவது அடிக்கு, "கையை ஒடிச்சிடுவேன்" என்று அந்த வீட்டு அக்காவின் குரல் வந்தது. யார் கையை என்று சொல்லவில்லை. சம்மட்டி என்னிடம் இருந்ததால் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரும் நான்தான். வீட்டை மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று பிரிக்க அவர்களுடைய அப்பா என்னைக் கூப்பிட்டார். ஒன்பது அங்குலச் சுவர். மூன்று தலைமுறைக்கு அசையாது என்று வாய்விட்டேன். அவர் கண்ணை மூடியதும் சுவர் யாருக்குச் சொந்தம் என்று அக்காவும் தம்பியும் கோர்ட்டு ஏறினார்கள். பேச்சுவார்த்தை நின்றது. ஆறு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பொதுச்சுவர், எல்லைக்கோடு சுவரின் நடுவில் போகிறது. ஆளுக்கு நாலரை அங்குலம். ஒருவர் மட்டும் தன் இஷ்டத்துக்கு அதில் கைவைக்கக் கூடாது என்று அடுத்த பக்கத்தில் இருந்ததாம். தம்பி அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கவில்லை.

அவர் புதுசாகக் கார் வாங்கியிருந்தார். முன்னறையை ஷெட்டாக்கி உள்ளே விட்டால் கார் நுழைகிறது, கதவு திறக்கவில்லை. ஒரு வாரம் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. இன்னும் நாலு அங்குலம் இருந்தால் போதும். அது சுவருக்குள் இருந்தது, தீர்ப்பின்படி அவருடையதாகவும் இருந்தது.

"என் பாதியை மட்டும் எடுத்துடுங்க மேஸ்திரி. அவ பாதியில ஒரு தூசு படக்கூடாது."

"சுவர் என்ன வெள்ளரிக்காயா சார், பாதியா நறுக்க? வரிசைக்கு வரிசை குறுக்குக்கல் வெச்சுக் கட்டியிருக்கேன். ஒவ்வொரு கல்லும் உங்க பக்கம் ஆரம்பிச்சு அவங்க பக்கம் முடியுது. அதுதான் சுவரையே பிடிச்சிட்டிருக்கு."

"மிஷின் வெச்சு நடுவுல அறுங்க."

அறுத்தேன். நான் மாட்டேன் என்றால் வேறு எவனாவது வந்து மொத்தமாகச் சாய்த்துவிடுவான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தப்புச் செய்கிறவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம். தம்பி பக்கம் நீளவாக்கில் கிடக்கும் நேர்க்கற்களைச் சம்மட்டியால் தட்டிப் பெயர்ப்பது, துருத்தி நிற்கும் குறுக்குக்கல்லை மிஷினால் அறுப்பது என்று ஒரு நாள் போனது.

இரண்டாம் நாள் காலை அக்கா தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். தையல் வேலை செய்கிறவர். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.

"மேஸ்திரி, அம்மா கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டுட்டேன். இப்ப அடிக்கச் சொல்லுங்க, பாக்கலாம்."

அக்கா வீட்டில் இருக்கும் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பேச்சு இல்லை, வலது கை மட்டும் அசையும். பெற்றவளைக் கொண்டுபோய்ச் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறவளை என்ன சொல்வது. உள்ளே போய்த் தம்பியிடம் சொன்னேன்.

"சும்மா கதை விடுறா. அம்மா எப்பவும் உள் ரூம்லதான் படுப்பாங்க."

அப்போது சுவரில் சத்தம் கேட்டது. தட், தட், தட். விரல் முட்டியால் தட்டுகிற மெல்லிய சத்தம்.

"கேட்டீங்களா? தட்டிக் காட்டுறா. என்ன திமிரு."

"அது அம்மாவா இருக்கப்போகுது சார். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

"அந்த வாசல்படிய மிதிச்சு ஆறு வருஷமாச்சு. இப்ப போனா நான் தோத்த மாதிரி."

நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். பிடித்து இழுத்தேன், மார்பில் ஒரு உதை விட்டார். செங்கல் குவியலில் போய் விழுந்தேன்.

"என் பாதியைத்தான்யா அடிக்கிறேன். என் இடம். எவன் கேக்கிறது?"

மிஷினுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. துருத்தி நின்ற குறுக்குக்கல்லின் முகத்தில் நேராக அடித்தார். தட், தட் என்று பதில் வந்தது. இன்னும் ஓங்கி அடித்தார். நாலரை அங்குலத்தோடு நில் என்றால் அடி நிற்குமா. மூன்றாவது அடியில் கல் முழுசாக உள்ளே போய் அந்தப் பக்கம் விழுந்தது. தரையில் விழுந்த சத்தம் வரவில்லை. தட்டுவது நின்றுவிட்டது. அப்புறம்தான் அக்கா அலறினார்.

கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தம்பியின் கையைக் கிழித்துவிட்டார். தம்பி அவர் தலைமுடியைப் பிடித்து, அறுத்த சுவரிலேயே மடேர் மடேர் என்று மோதினார். விலக்கப் போன எனக்கு ஒரு பல் போனது. யார் முழங்கை என்று தெரியாது.

"அம்மாவைக் கொன்னுட்டியேடா."

"நீதான அங்க கொண்டுபோய் போட்ட."

"நீதான அடிச்ச."

இரண்டும் உண்மைதான். அவர்களை விட்டுவிட்டு நான் அந்தப் பக்கம் ஓடினேன். அம்மாவின் நெற்றி பிளந்து தலையணை நனைந்திருந்தது. பக்கத்திலேயே கல் கிடந்தது. ஒரு முனையில் தம்பி வீட்டுப் பச்சைப் பெயிண்ட், மறுமுனையில் அக்கா வீட்டு நீலம். அம்மா கண்ணைத் திறந்தபடி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினேன். அரை மூட்டை சிமெண்ட் கனம்கூட இல்லை.

தெருவில் இருந்த ஒரே வண்டி அந்தக் கார்தான். வெளியே நின்றதால் நாலு கதவும் நன்றாகத் திறந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அக்கா பின்னால் ஏறி அம்மாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். அவர் நெற்றியிலிருந்து வடிந்த ரத்தம் அம்மாவின் ரத்தத்தோடு சேர்ந்து சீட்டில் இறங்கியது. தம்பி முன்னால் உட்கார்ந்து கிழிந்த கையால் சாவியைச் செருகப் பார்த்தார். வழுக்கி வழுக்கி ஒருவழியாக நுழைந்தது.

பின்கதவில் சத்தம் கேட்டது. தட், தட், தட்.

தம்பியின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை.

"வண்டிய எடுடா" என்றார் அக்கா.

தம்பி எடுக்கவில்லை. அம்மாவின் விரல் முட்டி மறுபடியும் மூன்று முறை கதவைத் தட்டியது.