எல்லாரும் எழுந்தாச்சு

கணவன் இறந்த பிறகும் அவன் பெயரில் காலைச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.

"எல்லாரும் எழுந்தாச்சு. டீக்குப் போகலாம்."

எல்லாரும் என்றால் மனிதர்கள் இல்லை. எங்கோ யாருடைய கட்டடத்திலோ அலுவலகத்துக்காக ஓடும் வாடகைக் கணினிகள். மாலையில் அவற்றை அணைக்கவும் காலையில் எழுப்பிக் குழுவுக்குச் செய்தி அனுப்பவும் அவன் எழுதிய ஸ்கிரிப்ட் அவனுடைய கணக்கிலேயே ஓடியது. கணக்கை மூடினால் கணினிகள் எழாது. அதையே சாக்காக வைத்து யாரும் மூடவில்லை. அவளுக்கும் அதே குழுவில்தான் வேலை. பல் துலக்கிக்கொண்டே அந்த வரியைப் படிப்பாள். படித்த பிறகுதான் அவளுக்கு விடியும்.

இன்று கணினிகளில் பாதி எழவில்லை. செய்தி மட்டும் வழக்கம்போல வந்தது. அதை நம்பி, அலுவலகம் வந்ததும் எல்லோரும் டீக்குப் போய்விட்டார்கள். வாடிக்கையாளர்கள் கத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கணக்கை இன்றைக்கே மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"நான் செஞ்சிடறேன் அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க," என்றான் பக்கத்து மேசை லொடலொடா. ஓயாமல் பேசுகிறவன் என்று அவள் கணவன் வைத்த பெயர்.

"நீ தொட்டா மிச்சமும் படுத்துக்கும். நகரு."

"இந்த வாய்க்குத்தான் அண்ணன் பயந்து நடுங்கினாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஒவ்வொரு கணினியையும் எழுப்பிவிட்டு, எழுந்ததா என்று கேட்டுப் பார்க்க ஒரு வரி இருந்தது. அதை அவன் செயலிழக்கச் செய்திருந்தான். மாற்றிய தேதி ஓரத்தில் தெரிந்தது. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு அவன் மருத்துவமனைக்குப் போய்வரத் தொடங்கிய மாதம். அதன் பிறகு யாரையும் கேட்காமலே எல்லாரும் எழுந்தாச்சு என்று சொல்லியிருக்கிறான்.

"அண்ணன் ஏன் இதை எடுத்தாரு?"

"தெரியலடா."

களைப்பாக இருக்கலாம். கெட்ட செய்தி வந்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான் என்பதாலும் இருக்கலாம். கோபம் பொங்கியது. எப்படி இருக்கு என்று கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்," என்பான். அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டாள். சட்டை தொளதொளத்ததைப் பார்த்துத் துவைப்பில் தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் சொன்ன பதில் அவளுக்கு வசதியாக இருந்தது. கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழாத கணினிகளைக் கையாலேயே எழுப்பிவிட்டு, அந்த வரிக்கு மறுபடி உயிர் கொடுத்தாள். எல்லாவற்றையும் குழுவின் பொதுக் கணக்குக்கு மாற்றினாள். கணினி எழாவிட்டால் என்ன செய்தி போக வேண்டும் என்று தேடினாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது. நல்ல செய்திக்கு டீ வரைக்கும் எழுதியவன் கெட்ட செய்திக்கு ஒரு சொல்கூட எழுதி வைக்கவில்லை.

"அண்ணன் மாதிரியே வேடிக்கையா ஏதாவது போடுங்க அண்ணி," என்றான் லொடலொடா.

வேடிக்கையாக ஒன்று எழுதி அழித்தாள். இன்னொன்றை எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் "ஒண்ணு எழல. வந்து பாருங்க" என்று எழுதினாள்.

பிறகு அவனுடைய கணக்கை மூடினாள். குழுவின் பட்டியலில் அவன் படம் இருந்த வட்டம் சாம்பல் நிறமானது. லொடலொடா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புதிய ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க, யாரும் பயன்படுத்தாத ஒரு கணினியை எழவிடாமல் தடுத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினாள். அறை முழுக்கக் கைபேசிகள் அதிர்ந்தன. ஒண்ணு எழல. வந்து பாருங்க. ஒவ்வொரு மேசையிலும் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து அவளிடம் வந்தார்கள்.

"எது அண்ணி? எது எழல?"

சோதனைதான், போய் உட்காருங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் விரல் பட்டியலில் இருந்த சாம்பல் வட்டத்தைத்தான் காட்டியது.