தண்டைக் குட்டையாக்கும் மருந்து

அப்பா நிலத்தைச் சரிபாதியாக எனக்கும் அண்ணனுக்கும் எழுதிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. என் பாதியையும் அண்ணன்தான் பயிர் வைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் ஒரே காற்றில் என் நெல் மொத்தமும் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது. "உனக்கு ராசி இல்ல" என்றான். உரத்தை வாரிக் கொட்டிப் பயிரை நெடுநெடுவென வளரவிட்டது அவன், ராசி இல்லாதவள் நான்! எனக்கு வந்த ஆத்திரத்தில், இனி என் வயலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தண்டைக் குட்டையாக்கும் மருந்து ஒன்று இருப்பதாக வேளாண் அலுவலகத்து அம்மா சொன்னார். குட்டைப் பயிர் லேசில் சாயாதாம். ஆனால் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும் நாளில் அடிக்க வேண்டும், நாள் தப்பக் கூடாது. தினமும் காலையில் ஒரு தூரைப் பிடுங்கி, தண்டை பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே குருத்துக் கதிர் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த அன்றே மருந்து அடிப்பவருக்குப் போன் போட்டேன்.

"உங்க அண்ணன் வேணாம்னுட்டார்மா. நாளைக்கு நான் அவர் மூஞ்சில முழிக்கணுமே."

நானே டேங்க்கை முதுகில் மாட்டினேன். என் உயரத்துக்கு அது இடுப்புக்குக் கீழே இறங்கி இடித்தது. அண்ணன் வரப்பில் நின்று சிரித்தான்.

"குள்ளச்சி, பயிரையும் உன்னை மாதிரி ஆக்கப் போறியா?"

"ஆமா. ரெண்டு பேரையும் சாய்க்க முடியாது பாரு."

"என்னைவிட ஒரு மூட்டை குறைஞ்சாலும் வயலை என்கிட்ட விட்டுடணும். சொல்லிட்டேன்."

நான் அடுத்த டேங்க்கை நிரப்பப் போய்விட்டேன். பத்து டேங்க். தோள்பட்டை தோலுரிந்துவிட்டது.

அதன் பிறகு, காற்று வந்து அவன் பயிரைப் பாயாக விரிக்கட்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. கூடப் பிறந்தவனுக்கு இப்படி நினைத்தது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று வரவே இல்லை. இரண்டு வயலும் நின்றபடியே அறுவடையாயின. அவனுக்கு மூன்று மூட்டை கூடுதல்.

அறுவடை இயந்திரத்து டிரைவர், அண்ணி எல்லோருக்கும் முன்னால் அண்ணன் கேட்டான்.

"பேசின பேச்சு என்னாச்சு?"

"பேசினது நீ. நான் எப்ப சரின்னேன்?"

"காத்தே இல்ல. அடிச்ச மருந்து வீண்தானே?"

"இந்த வருஷம் வீண்தான், ஒத்துக்கிறேன். அடுத்த வருஷம் காத்து உன்கிட்ட சொல்லிட்டா வரும்? மறுபடியும் அடிப்பேன்."

"மறுபடியும் குறைஞ்சா?"

அவன் முன்னால் அழுவதாக இல்லை.

"குறையட்டும். தோத்தாலும் என் வயல்ல நானே தோத்துக்கிறேன். நீ வரப்பைவிட்டு இறங்கு."